புழு தோலுரிக்கும்போது தொடக்கூடாது

இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். நிபந்தனை போட்டாள். காயம் எப்படி இருந்தது, எதனால் வந்தது என்று எழுதக்கூடாது, படிக்கிற இன்னொரு பிள்ளைக்கு அது வழி காட்டிவிடும். அவளைப் பாவப்பட்டவளாக ஆக்கக்கூடாது. பேரை மாற்ற வேண்டும். "நல்ல பேரா வைம்மா. வி-ஒன்னுன்னு வெச்சிராத." வி-ஒன் என்பது எங்கள் தோட்டத்தில் நிற்கிற மல்பெரி ரகம். மதி என்று வைத்துக்கொண்டேன். முதல் நிபந்தனையைக் காப்பாற்றிவிடுவேன். இரண்டாவதற்கு என் கையை நான் நம்பவில்லை.

காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். மேட்டு நிலம். கிணறு தருகிற தண்ணீருக்குத் தக்க மல்பெரி, வீட்டை ஒட்டி நீளமாக ஒரு கொட்டகை, கொட்டகை நிறையப் பட்டுப்புழு. புழு வளர்க்கிற வீட்டில் சோறு தின்கிற நேரத்தைப் புழுதான் சொல்லும். காதுகுத்துக்குப் போகலாமா, எழவுக்குப் போய் எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் அதுதான் சொல்லும். இலை வெட்டி, இலை போட்டு, கழிவு அள்ளி, மறுபடி இலை வெட்டி. இந்த ஓட்டத்துக்கு நடுவே நிறுத்தம் ஒன்று உண்டு. புழு தோலுரிக்கும் நேரம். கூடு கட்டுவதற்குள் நான்கு முறை உரிக்கும். அப்போது தின்னாது, நகராது, தலையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் செத்துவிட்டது என்பார்கள். நாங்கள் இலை போடமாட்டோம். புழு இருக்கிற தட்டை ஆட்டமாட்டோம். கொட்டகைக்குள் உரக்கப் பேசக்கூட மாட்டோம். தொட்டால் பழைய தோல் பாதியில் மாட்டிக்கொள்ளும். விட்டுவிட்டால் தானாக வெளியே வரும், முன்னைவிடப் பெரிதாக, பசியோடு.

இது எங்களுக்குக் கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டுபோய் மகள் மேல் வைத்தோம்.

பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் மதி பேச்சைக் குறைத்தாள். முதலில் ஊர்க்கதை குறைந்தது, பிறகு பள்ளிக்கூடத்துக் கதை, பிறகு என் சமையலைப் பற்றிய நக்கல். நக்கல் நின்றபோதாவது நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டாள், பாதி அப்படியே திரும்பி வந்தது. பகலில் தூங்கினாள். வெயில் காலத்திலும் முழுக்கை. ஒருமுறை மணிக்கட்டுக்கு மேல் கோடு தெரிந்தது. என்னடி என்றேன். "இலை வெட்டறப்ப குச்சி கீறிருச்சு" என்றாள். நம்பினேன். நம்பாமல் எப்படி? எங்கள் வீட்டில் கீறல் இல்லாத கை எது? என் கை, அவள் அப்பா கை, எல்லாம் கோடுதான்.

"இவ ஒரு மாதிரியா இருக்காளேங்க" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் இலை உதறிக்கொண்டிருந்தார். "வுடு. அந்த வயசு. தோலுரிக்கற நேரத்துல தொடக்கூடாது. தானா வருவா."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொல்லப்போனால் நிம்மதியாகவும் இருந்தது. கதவை மெதுவாகச் சாத்தினோம். டிவி சத்தத்தைக் குறைத்தோம். அவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டோம். அன்பு என்றே நினைத்துச் செய்தோம்.

அடுத்த வளர்ப்புக்கு முன்னால் கொட்டகையைக் கழுவுகிற நாள். பிளீச்சிங் பவுடர் கரைத்து, தட்டு, தாங்கி, சுவர், தரை என்று எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மதியையும் கூப்பிட்டேன், வந்தாள். முழுக்கையோடு தட்டு தேய்த்தாள். கை நனைந்தது. நான் திரும்பியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் தேய்ப்பதை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். பிளீச்சிங் கண்ணில் பட்டுவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். கண்ணில் இல்லை. சட்டைக் கையை மேலே தள்ளினேன்.

அவர் ஹோஸ் பைப்போடு வந்து நின்றார்.

"யாரு செஞ்சா?"

"யாருமில்லப்பா."

"அப்பறம்?"

"நான்தான்."

பைப்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மூன்று பேரும் அந்தத் தண்ணீர் வாய்க்காலாகிக் கதவைத் தாண்டி ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை.

காரிமங்கலத்தில் கட்டுப்போட்ட டாக்டர், இதற்கு மேல் இங்கே வேண்டாம், தருமபுரியில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள் என்றார். மனநலம் என்று அவர் சொன்னது என் காதில் வேறு ஒரு சொல்லாக விழுந்தது, அதை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் மதி ஜன்னலோரம், நான் நடுவில், அவர் இந்தப் பக்கம். "யாராச்சும் கேட்டா பல்லுன்னு சொல்லிரு" என்று என் காதில் சொன்னார். அது மதிக்கும் கேட்டது.

அந்த ஆஸ்பத்திரியின் வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். எதிரில் சந்தையில் வாழைக்காய் விற்கிற சாந்தா. காரிமங்கலம் சந்தையில் அவளிடம் பேரம் பேசாத ஆள் இல்லை. பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, இந்தப் பக்கம்?"

"பல்லுக்கு வந்தோம் சாந்தா. மதிக்குக் கடவாப்பல்லு."

"அப்டியா. நாங்களும் பல்லுக்குத்தான்."

இரண்டு பேர் தலைக்கு மேலும் மனநலப் பிரிவு என்று பெரிய எழுத்தில் போர்டு. கொஞ்ச நேரம் கழித்து சாந்தா சொன்னாள், "இந்த வரிசைல இருக்கற எல்லாத்துக்கும் பல்லுதாங்க்கா போல." மதி சிரித்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு கேட்ட அந்தச் சிரிப்பு ஒரு வாழைக்காய்க்காரி தந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பல்வலிக்காரி மாதிரி கன்னத்தைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மதியிடம் தனியாகப் பேசினார், பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டார். எங்கள் எதிரிலேயே, சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்: "சாகணும்னு தோணுதா மதி?"

பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? இல்லாததை இவரே எடுத்துக் கொடுக்கிறாரே என்று எழப்போனேன். மதி மட்டும் அசையாமல் இருந்தாள். பிறகு, "சில நாள்" என்றாள். சொன்னவுடன் அவள் தோள் இறங்கியது. தலைச்சுமையை இறக்கி வைத்தவளின் தோள் மாதிரி. அந்தச் சுமை இவ்வளவு காலம் என் வீட்டுக்குள்தான் நடமாடியிருக்கிறது.

"கேட்டா தூண்டிவிட்டுரும்னு எல்லாரும் பயப்படறாங்க" என்றார் டாக்டர். "அப்படி இல்லீங்கம்மா. கேட்டாத்தான் சொல்ல முடியும்."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மதிக்கு வந்திருப்பது மனச்சோர்வு நோய். கவலை வேறு, இது வேறு. கவலைக்குக் காரணம் போனால் கவலையும் போகும். இது காரணம் இல்லாமலும் உட்கார்ந்துகொள்ளும், தூக்கத்தைத் தின்னும், பசியைத் தின்னும், நான் எதற்கும் உதவாதவள் என்று உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருக்கும். உடம்பைக் காயப்படுத்திக்கொள்வது எல்லா நேரமும் சாவதற்கான முயற்சி இல்லை. உள்ளே தாங்க முடியாமல் முட்டுவதைக் கொஞ்சம் தணிக்கப் பிள்ளைகள் கண்டுபிடித்துக்கொள்கிற மோசமான வழி. அதற்காக விளையாட்டு என்று தள்ளவும் கூடாது. ஆபத்து பக்கத்திலேயே நிற்கிறது. ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு குறைந்தாலும் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி சோர்வு வரலாம் என்பதால். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கினேன். தைராய்டு என்றால் ஊருக்குச் சொல்லிவிடலாம்.

"என்னா காரணம்ங்க?" என்று மதியின் அப்பா கேட்டார். "போனா? மார்க்கா? எதனாச்சும் பையனா?"

"ஒரே காரணத்தைத் தேடாதீங்க. சுகர் வந்தவர்கிட்ட யாரு உங்களை என்ன சொன்னாங்கன்னா கேக்கறோம்?"

வார்டில் சேர்த்தார்கள். பையைப் பார்த்துச் சில சாமான்களை வாங்கி வைத்தார்கள். நான் கூட இருந்தேன். அந்த நாட்களை வரிசையாகச் சொல்ல வரவில்லை. பினாயில் வாசம், மாத்திரை நேரம், காயம் துடைத்துக் கட்டு மாற்றும் நேரம், யாரோ ஒரு அம்மா நாள் முழுக்க ஒரே பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, மின்விசிறியின் ஒரு இறக்கை மட்டும் கறுப்பாக இருந்தது. இரவில் மதி தூங்கிய பிறகு அவள் மூச்சை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. பிறந்த புதிதில் இப்படித்தான் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு வளர்ந்த பிறகும் அதே விரல்.

மருந்து உடனே கேட்காது என்றார்கள். வாரக்கணக்கில் ஆகும். ஆரம்ப நாட்களில் இந்த வயதுப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக்கூடாது. மாத்திரைக்குச் செலவில்லை. வேறு விதத்தில்தான் செலவு. அந்த வளர்ப்பையே விட்டோம், கழுவிய கொட்டகை காலியாகக் கிடந்தது.

நாத்தனார் பார்க்க வந்தார். கட்டைப் பார்த்தார், மதியின் கண்ணைப் பார்த்தார். "காத்து பட்டிருக்குது. ஏரியூர் பக்கம் ஒருத்தர் மந்திரிக்கறாரு, ஒரே கயிறு, தீந்துரும்" என்றார்.

மதி கட்டிலில் சாய்ந்தபடி, "அத்தை, அவருக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வருதான்னு கேட்டுட்டு வாங்க. இல்லன்னா இங்க ஒரு கட்டில் காலியா இருக்குது" என்றாள்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்று நாத்தனார் எழுந்தார். ஆனால் போகும்போது மதியின் தலையைப் பிரித்து, எண்ணெய் வைத்து, இறுக்கமாகப் பின்னிவிட்டுத்தான் போனார். அந்தப் பின்னலை மதி ரொம்ப நேரம் தடவிக்கொண்டே இருந்தாள்.

மதியின் அப்பா தினமும் வந்தார். வாசலில் நிற்பார், கட்டிலுக்குக் கிட்டே வரமாட்டார். என்ன கேட்பது என்று தெரியாத மனுஷன். கைக்குட்டையில் மல்பெரிப் பழம் கட்டிக்கொண்டு வருவார். பஸ் கூட்டத்தில் நசுங்கிச் சாறாகி, கைக்குட்டை முழுக்க ஊதாக் கறை. மதி அந்தக் கூழை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். "பழம் எப்டி?" என்பார். "நல்லாருக்குதுப்பா" என்பாள். அவ்வளவுதான் அப்பனும் மகளும் பேசிக்கொண்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். "ஒரே நாள்ல நிக்காது. திரும்பவும் நடக்கலாம். அந்த நெனப்பு வர்றது காத்து மாதிரி. எழும்பும், அடிக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். அடங்கற வரைக்கும் அவ தனியா இருக்கக் கூடாது. அது வரும்போது உங்ககிட்ட வந்து சொல்றாளா, அதுதான் இப்ப முக்கியம். அவ நம்பி வந்து சொல்ற ஆளா நீங்க இருக்கணும்."

மதியின் அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஆபத்தான எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அடுப்படிச் சாமான் முதல் தோட்டத்துச் சாமான் வரை. கத்திரிக்காயைப் பிட்டுப் போட்டுக் குழம்பு வைத்தேன். அது தேவையான வேலை, டாக்டரும் சொன்னதுதான். ஆனால் தொடாமல் விட்ட மனுஷன் இப்போது விடாமல் தொட ஆரம்பித்தார். மதி குளித்தால் வெளியே நின்று இருமுவார். படித்தால் ஜன்னலில் தலை தெரியும்.

"அப்பா, நான் என்னா கொட்டகைப் புழுவா? வேளாவேளைக்கு வந்து எட்டிப் பாக்கறீங்க. பாக்கறதோட செரி, வாயத் திறந்து ஒண்ணும் கேக்கறதில்ல."

அவர் முகம் சுருங்கியது. புது வளர்ப்பு எடுத்திருந்தோம். மறுநாள் நான் இலைக்கட்டோடு கொட்டகைக்குப் போனபோது உள்ளே அவர் குரல் கேட்டது. யாரும் இல்லை. தட்டு தட்டாக இலை போட்டுக்கொண்டே, "இன்னிக்கு எப்டிம்மா இருக்குது? மனசு எப்டி இருக்குது கண்ணு?" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை உரக்க, ஒருமுறை தாழ்த்தி. நான் இலைக்கட்டைத் தலையிலேயே வைத்துக்கொண்டு வெளியே நின்றேன். அவர் பேசி முடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

அன்று மாலை அவளிடம் கேட்டும்விட்டார். மதி, "பரவால்லப்பா" என்றாள். எங்களுக்கு அது திருவிழா.

திருவிழா நிலைக்கவில்லை. புழு நான்காவது தோலையும் உரித்துக் கடைசிப் பருவத்துக்கு வந்து, கொட்டகையில் இலை தின்கிற சத்தம் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். ஒரு காலை மதி மறுபடியும் முழுக்கை போட்டிருந்தாள். நான் கத்தவில்லை. டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன், காயத்தைக் கழுவினேன். எங்களைக் கூப்பிட்டிருக்கலாமே கண்ணு என்றேன்.

"சொல்லத்தாம்மா வந்தேன். கொட்டகை வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க ரெண்டு பேரும் இலை போட்டுட்டு இருந்தீங்க."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வாசல் வரைக்கும் வந்து நின்று, எங்கள் முதுகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். எங்கள் வேலை கெடக்கூடாது என்று. எங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று. அந்தப் பக்குவத்தை நாங்கள்தானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தோம்.

அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். களியை உருட்டிய கை அப்படியே நின்றது. கையைக் கழுவிக்கொண்டு போய், கொட்டகைக்குள் இலை போடுகிற ஆள் இனிமேல் வாசலைப் பார்த்து நிற்கிற மாதிரித் தட்டுத் தாங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திருப்பிப் போட்டார். பிறகு மூன்று பேரும் தருமபுரிக்குப் போனோம். டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். "இதுக்காக முதல்ல இருந்து ஆரம்பம்னு நெனைக்காதீங்க" என்றார். நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புழு பழுத்தது. உடம்பு கண்ணாடியாகி, மஞ்சள் ஏறி, தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி இடம் தேடும். அந்த நேரம் பார்த்துப் பொறுக்கிக் கூடு கட்டும் வலையில் விட வேண்டும். தாமதமானால் குப்பையிலும் இலைக்காம்பிலும் கட்டிவிடும், கூட்டை யாரும் வாங்கமாட்டார்கள். அன்றைக்கு ஆள் பற்றாது. அக்கம்பக்கத்தார் வந்தார்கள். சொல்லி அனுப்பாமலே சாந்தாவும் வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. "பல்லு எப்டிக்கா இருக்குது?" என்றாள். "அப்பப்ப வலிக்குது" என்றேன். "நம்மாளுக்கும் அப்டித்தான்."

உச்சி வெயில் சாய்கிற நேரம். எல்லோரும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் வாசலைப் பார்த்து நின்றதால் அவர்தான் முதலில் பார்த்தார். மதி நின்றாள். நிலைக்காலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அப்பா. இப்ப வருது."

இரண்டு உள்ளங்கையும் நிறையப் பழுத்த புழு வைத்திருந்தார் அவர். ஒரு கணம் அவற்றைப் பார்த்தார். குனிந்து, அள்ளிய தட்டிலேயே மெல்லக் கொட்டிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார். "வா கண்ணு."

நான் பின்னாலேயே போகப்பார்த்தேன். சாந்தா என் முழங்கையைத் தொட்டாள். "அவரத்தானேக்கா கூப்புட்டுச்சு. போவட்டும்."

கிணற்று மோட்டார்த் தொட்டியின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தார்கள். பொறுக்கிக்கொண்டே பார்த்தேன், பார்த்துக்கொண்டே பொறுக்கினேன். அவர் ஒத்திகை பார்த்த எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. "நான் என்னா செய்யட்டும்?" என்றது மட்டும் கேட்டது.

"ஒண்ணும் வேணாம். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, கைகளை அக்குளுக்குள் புதைத்துக்கொண்டாள். ஒருமுறை எழுந்தாள், அவரும் எழுந்தார். அவள் உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தார். கொட்டகைக்குள் அவர் விட்டுப்போன தட்டில் புழுக்கள் இடம் தேடி விளிம்பேறின, கீழே விழுந்தன, சில காம்போடு காம்பாகக் கட்டத் தொடங்கின. யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் அவள் ஆட்டம் நின்றது. தலை அவர் தோளில் சாய்ந்தது. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனேன். கிட்டே போனதும் மதி உதட்டில் விரல் வைத்தாள். அவர் சட்டைப்பையைக் காட்டினாள். கையோடு ஒட்டி வந்த புழு ஒன்று பையின் மடிப்பில் ஏறி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, துணிக்கும் துணிக்கும் நடுவே முதல் இழைகளை இழுத்துக்கொண்டிருந்தது.

அழுது தடித்த குரலில், ரகசியம் போலச் சொன்னாள். "அசையாதீங்கப்பா. கட்டுது."

அவர் அசையவில்லை.